மூக்குக்காரியின் வாக்குமூலம்

போன் அலறியது.

யதுர்ஷிகா கையிலிருந்த கண்ணாடிக் குழாயை மேசையில் வைத்தாள். உருத்திரபுரத்தில் வெட்டிவேரிலிருந்தும் தாழம்பூவிலிருந்தும் எண்ணெய் வடித்து, செண்டுக் கம்பனிகளுக்கு அனுப்பும் சின்ன ஆலை அது; அங்கே மணந்து பார்த்துத் தரம் சொல்லும் 'மூக்குக்காரி' அவள். காலை வெயில் தகரக் கூரையில் ஏறத் தொடங்கியிருந்தது.

"ஹலோ..."

"மிஸ் யதுர்ஷிகாவோ? நான் இன்ஸ்பெக்டர் நிரோஜன், முல்லைத்தீவிலயிருந்து. மத்தேயுவைத் தெரியுமோ?"

"ஆளைக் கண்டதில்லை சேர். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவற்ற வீட்டுக்குப் போனனாங்கள். அவர் இல்லை."



"இருந்திருக்கிறார்... இல்லாட்டி இருக்கேல்லை. அதை நீங்கள்தான் சொல்லோணும். ஆளைக் கொலை செய்துபோட்டாங்கள் மிஸ்!"



"நீங்கள்... இப்ப எங்கயிருந்து கதைக்கிறீங்கள் சேர்?"

"உங்கட கேற்றடியிலயிருந்து!"

ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். நீல ஜீப். ஒரு கான்ஸ்டபிள். அவருக்குப் பக்கத்தில், காதில் போனோடு, மெலிந்து உயர்ந்த ஒரு மனிதர். கையைத் தூக்கி ஆட்டினார்.

உள்ளே வந்த நிரோஜன் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, நேரே விஷயத்துக்கு வந்தார்.

"ஏன் அங்க போனனீங்கள்?"

"மத்தேயு கடல்ல அம்பர் கண்டெடுத்தவர் எண்டு எங்கட மனேஜர் பிரதீபன் அண்ணை சொன்னவர். திமிங்கிலம் கக்கிற கட்டி சேர். கடல்ல மிதந்து மிதந்து பதம் வரும். நல்ல செண்டில கொஞ்சம் போட்டாலே மணம் விட்டுப் போகாது. அசலோ எண்டு பார்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போனவர். திறந்து கிடந்த முன்னறையில கொஞ்சம் இருந்து பார்த்திட்டு, ஆள் வரேல்லை எண்டு திரும்பிட்டம்."

"நீங்கள் இருந்த முன்னறைக்கும் உள்ளறைக்கும் நடுவில என்ன?"

"ஒரு பலகைக் கதவு. பூட்டியிருந்தது."

"அந்தக் கதவுக்குப் பின்னாலதான் பிரேதம் கிடந்தது. மேல வலை. வலைக்குக் கீழ உப்பு! மடு மாதா கோயிலுக்கு நேர்த்திக்குப் போன மனுசி யூலிற்றா நேற்றுத் திரும்பி வந்து கதவைத் திறந்து குழறியிருக்கிறா. உப்புக் கொட்டினதால டொக்டர் நாள் சொல்லேலாமல் முழிக்கிறார். ஞாயிறாயும் இருக்கலாமாம், செவ்வாய் பின்னேரமாயும் இருக்கலாமாம்."

நிரோஜன் முன்னால் குனிந்தார்.

"அண்டைக்கு உங்களுக்கு ஏதும் மணந்ததோ?"

"இல்லை."

சத்தியமான உண்மை! ஒன்றுமே மணக்கவில்லை.

"கருவாடு கூடவோ? சுத்திவர மீன் வாடியள். அந்தக் கரை முழுக்கக் கருவாடு காயுதே!"

யதுர்ஷிகா மேசையில் கிடந்த கண்ணாடிக் குழாயைத் திரும்பக் கையில் எடுத்தாள். 

"அது... அது மணந்ததுதான் சேர். வேற ஒண்டும் இல்லை."

இது பொய்!

"இது காணும், இனி வேற சாட்சி வேண்டாம்!" இன்ஸ்பெக்டர் தொடையில் தட்டினார். "மத்தேயுவின்ர தம்பி மெல்ரொனைப் பிடிச்சு வைச்சிருக்கிறம். அம்பரில பங்கு கேட்டு ரெண்டு பேருக்கும் சண்டை. செவ்வாய் பின்னேரம் வாசல்ல நிண்டு கத்தினதைக் கனபேர் கண்டிருக்கினம். அவன் என்ன சொல்றான் தெரியுமோ? அண்ணன் கதவு திறக்கேல்லையாம்... வீட்டுக்குள்ளயிருந்து நாத்தம் வந்ததாம்... கருவாடு பழுதாப் போச்செண்டு நினைச்சானாம்! எங்களுக்குக் கருவாடும் ஒண்டுதான், பிணமும் ஒண்டுதான். உங்களுக்கு அப்பிடியில்லையே! பிரான்சில போய்ப் படிச்ச மூக்கு. நீங்கள் பிணம் மணக்கேல்லை எண்டா, செவ்வாய் மத்தியானம் அங்க பிணம் இல்லை. அவ்வளவுதான்."

"சேர்... இதுக்கு மெஷின் ஏதும்..."

"செண்டுக்காரரே மெஷினை நம்பிறேல்லையாமே?"

அவளுக்கு அழுகை வந்தது. ஆனாலும் எத்தனையோ மேடையில் சொன்ன பாடம், வாய் தானாகச் சொன்னது.

"முந்தி மூக்கு மட்டும்தான் சேர். பிறகு யேர்மனியில பைன் மரத்துச் சாறிலயிருந்து வனிலா வாசத்தைச் செய்து காட்டினவை. மூக்குக்காரரெல்லாம் தங்கட காலம் முடிஞ்சுதெண்டு பயந்து போச்சினம். பிறகு ஒரு சொட்டு எண்ணெய்க்குள்ள என்னென்ன இருக்கெண்டு பிரிச்சுக் கோடு கீறிக் காட்டிற மெஷினும் வந்தது. ஆனா கடைசியா 'இது சரி' எண்டு சொல்ல... இண்டைக்கும் ஒரு மனுசன்ர மூக்குத்தான்."

"பார்த்தீங்களோ! அப்ப உங்கட மூக்குத்தான் எனக்குச் செத்த நேரம் காட்டிற மணிக்கூடு."

"பிரதீபன் அண்ணையிட்டக் கேட்டீங்களோ?"

"கேட்டாச்சு. ஞாயிறு தனியப் போய்க் கதவைத் தட்டினவராம், ஆள் இல்லையாம். செவ்வாய் உங்களோட. அண்டு பின்னேரத்திலயிருந்து வவுனியாவில தங்கச்சியின்ர கலியாண வீடு. ஊரே பார்த்திருக்கு." நிரோஜன் எழுந்தார். "மத்தேயுவின்ர உடுப்புகளைக் கொழும்பில பரிசோதனைக்குக் குடுக்கப் போறன். திரும்பி வரேக்க உங்கட வாக்குமூலத்தில கையெழுத்து வாங்கிறன்."

ஜீப் கிளம்பியது. யதுர்ஷிகா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த வாக்குமூலத்தில் அவளால் கையெழுத்துப் போட முடியாது.

ஏனென்றால்...

அந்தப் பேர்போன மூக்குக்கு எதுவுமே மணக்காது!

கொரோனாக் காய்ச்சலோடு போன மணம். காய்ச்சல் போனது, மணம் திரும்பவில்லை. கோப்பியும் ஒன்றுதான், மண்ணெண்ணெயும் ஒன்றுதான். சொன்னால் வேலை போய்விடும். மூக்கில்லாத மூக்குக்காரியை எந்தக் கம்பனி வைத்திருக்கும்? அதனால் சொல்லவில்லை. மெஷின் கீறிய கோடுகளை ஒளித்துப் பார்த்தாள். மிச்சத்தை மற்றவர்களின் முகத்தில் பார்த்தாள். ஆட்கள் மணக்கும்போது மூக்குத் துவாரம் விரியும், சுருங்கும், ஓரத்தில் ஒரு மடிப்பு விழும். அதைப் பார்த்தே "தாழம்பூ கூடிப்போச்சு" என்பாள். சரியாக இருக்கும். எல்லாரும் வாயைப் பிளப்பார்கள்.

இன்றைக்கு அந்தக் களவு ஒரு மனிதனைக் கம்பிக்குள் தள்ளிவிட்டது.

"பிள்ளை..."

திடுக்கிட்டுத் திரும்பினாள். வாசலில் கறுப்புச் சேலையில் ஒரு பெண். கழுத்தில் செபமாலை. அழுது வீங்கிய முகம்.

"நான் யூலிற்றா. மத்தேயுவின்ர மனுசி. பொலிஸ் இஞ்ச வருதெண்டு சொல்லிச்சினம். பஸ் எடுத்து வந்தனான்."

"அக்கா... இருங்கோ..."

"இருக்க வரேல்லை. ஒண்டு கேக்கத்தான் வந்தனான். ஞாயிறு செத்தாரெண்டால் செவ்வாய் வீடு மணக்காமல் இருக்குமோ? என்ர மச்சான் மெல்ரொன் கத்துவான், குடிப்பான். கையோங்க மாட்டான் பிள்ளை. நான் மடுவில நிண்டு ஞாயிறு பின்னேரம் இவருக்கு எடுத்தனான், போன் வேலை செய்யேல்லை. திங்களும் இல்லை. அவங்கள் அதைக் கணக்கிலயே எடுக்கிறாங்களில்லை. 'மூக்குக்காரி மிஸ் சொல்லிட்டா' எண்டு சொல்றாங்கள்." அவள் யதுர்ஷிகாவின் கையைப் பிடித்தாள். "உண்மையா உங்களுக்கு மணக்கேல்லையோ?"

யதுர்ஷிகா அந்தக் கையிலிருந்து பார்வையைத் திருப்பினாள். 

யூலிற்றா கையை விட்டுவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பஸ் தரிப்பிடத்தை நோக்கி வெயிலில் நடந்தாள்.

யதுர்ஷிகா கதிரையில் விழுந்தாள். செவ்வாய்க்கிழமையை மனதில் திரும்ப ஓடவிட்டாள்.

முன்னறை. இலையான்கள்! எத்தனை இலையான்! கருவாட்டை மொய்க்க வந்தவை என்றுதான் நினைத்தாள்.

பிரதீபன் எங்கே நின்றான்?

வெளியே! நடு மத்தியானம், தலை பிளக்கிற வெயிலில், வேலிக்கு அங்கால். "உள்ளுக்க வாங்கோ அண்ணை" என்று கூப்பிட்டாள். "இல்லை யது, கடல்காத்து நல்லாயிருக்கு" என்றான். முகத்தைக் கடல் பக்கமே வைத்திருந்தான்.

ஏன் வரவில்லை?

உள்ளே வந்தால் அவன் மூக்குச் சுருங்கியிருக்கும். அவள் அதைப் பார்த்திருப்பாள்!

ஐயோ...

அவனுக்குத் தெரியும். உள்ளே என்ன கிடக்கிறது என்றும் தெரியும். அவளுக்கு மணக்காது என்றும் தெரியும். அம்பர் பார்க்க அவளைக் கூட்டிப்போகவில்லை. சாட்சி சொல்லக் கூட்டிப்போயிருக்கிறான்!

நிரோஜனின் நம்பரை அழுத்தினாள்.

"சேர்... நான் யதுர்ஷிகா. ஒண்டு பிழையாச் சொல்லிப்போட்டன். திரும்பி வாங்கோ. கெதியா வாங்கோ சேர்!"

"முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நிக்கிறன் மிஸ். உடைச்சிட்டு வாறன்."

போனை வைத்தாள்.

பின்னால் கதவு சாத்தும் சத்தம்.

பிரதீபன் நின்றான். சிரிக்கிறானா, முறைக்கிறானா, தெரியவில்லை. முகத்தில் நீல மாஸ்க் போட்டிருந்தான்.

"என்ன யது, வேர்த்துக் கொட்டுது?"

"ஒண்டுமில்லை... உங்களுக்கு என்ன, தடிமனோ சளியோ அண்ணை?"

"சும்மா, பாதுகாப்புக்கு." அவன் ஜன்னல்களை ஒவ்வொன்றாக மூடினான். "யூலிற்றா போறதைக் கண்டன். என்ன கேட்டவா?"

"அழுதிட்டுப் போயிட்டா."

"நீர் என்ன சொன்னனீர்?"

"ஒண்டும் சொல்லேல்லை."

"நல்லது. நீர் ஒண்டும் சொல்லாத வரைக்கும் ரெண்டு பேருக்கும் நல்லது." அவன் மேசையில் சாய்ந்தான். "உமக்கு மணக்காதெண்டு எப்பவோ எனக்குத் தெரியும். போன வருசம் ஒரு கடதாசித் துண்டு நீட்டினனான், ஞாபகமோ? 'தாழம்பூ, கொஞ்சம் எலுமிச்சை' எண்டு சொன்னனீர். அது வெறுங்கடதாசி யது! அதில ஒரு சொட்டும் போடேல்லை. முகத்தையும் சும்மா சுளிச்சுக் காட்டினனான்!"



"ஏன் அண்ணை... ஏன் அந்த மனுசனைக் கொலை செய்தனீங்கள்?"

"தரமாட்டன் எண்டான். கோயிலுக்குக் குடுக்கப் போறானாம்! மடையன். பிடிச்சுத் தள்ளினன், எழும்பி வந்தான். பிறகு கத்தி என்ர கையில இருந்தது." குரல் மாறியது. "வடிவாக் கேள். இனி 'நீர்' இல்லை, 'நீ' எண்டுதான் கதைப்பன். ஆலைக்குள்ள காஸ் சிலிண்டர் எங்க இருக்கு?"

"பின்... பின்னுக்கு..."

அவன் பின்னால் போனான். முதுகு சிலிண்டரை மறைத்தது. வெளியே கொதிகலன் இரைந்துகொண்டிருந்தது. வேறு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. திரும்பி வந்தான். கையில் லைற்றர்!

"காஸுக்குச் சொந்தமா மணமில்லை. அது உனக்குத் தெரியும், நீதான் எங்களுக்குப் படிப்பிச்சனீ. அமெரிக்காவில ஒரு பள்ளிக்கூடம் வெடிச்சுப் பிள்ளையள் செத்தாப் பிறகுதான், காஸுக்குள்ள நாத்தத்தைக் கலக்கோணுமெண்டு சட்டம் வந்தது. உலகத்தில எல்லாருக்கும் அந்த நாத்தம் காவல். உனக்கு?"

"அண்ணை... வேண்டாம்..."

"இப்ப திறந்திருக்கோ? பூட்டியிருக்கோ? சொல்லு பார்ப்பம் மூக்குக்காரி!"

அவள் மூச்சை இழுத்தாள். ஒன்றுமில்லை. மறுபடி இழுத்தாள். வெறுங்காற்று. அல்லது சாவு. எது என்று தெரியவில்லை! அவன் முகத்தைப் பார்த்தாள். மாஸ்க். வெறும் நீலத் துணி.

"அண்டைக்குச் சொன்னதைக் கோர்ட்டிலயும் சொல்லு. சொல்லாட்டி ஒருநாள் நீ நித்திரை கொள்ளேக்க ஒரு காஸ் குமிழைத் திருப்பினாக் காணும். குசினியோ, வேலைத்தலமோ, எங்கயெண்டு உனக்கே தெரியாது."

கேற்றடியில் ஜீப் சத்தம்!

பிரதீபனின் கண் சுருங்கியது.

"ஆர் வரச்சொன்னது?"

அவன் லைற்றரைச் சட்டைப் பொக்கற்றுக்குள் போட்டான். 

"ஒரு சொல்லு பிழையா வந்தாலும் லைற்றர் என்ர பொக்கற்றுக்குள்ள இருக்கு. எல்லாரும் சேர்ந்து போவம்!"

கதவு தட்டப்பட்டது. பிரதீபன் திறந்தான். இன்ஸ்பெக்டர். கான்ஸ்டபிள். பின்னால், பஸ் தரிப்பிடத்தில் நின்று ஜீப்பில் ஏறி வந்த யூலிற்றா.

யதுர்ஷிகா அவர்களின் கண்ணைப் பார்க்கவில்லை. மூக்கைப் பார்த்தாள்!

நிரோஜனின் மூக்கு... சும்மா இருந்தது.

கான்ஸ்டபிளின் மூக்கு... சும்மா இருந்தது.

யூலிற்றா மூக்கை உறிஞ்சினாள். அழுதவள் உறிஞ்சுவது. சுருக்கமில்லை, மடிப்பில்லை.

காஸ் இல்லை! புளுகன்... திறக்கவேயில்லை!

"சேர்!" அவள் கத்தினாள். "எனக்கு மணக்காது! கொரோனா வந்த நாளிலயிருந்து எனக்கு ஒண்டுமே மணக்காது! கருவாடு மணந்ததெண்டு சொன்னது பொய். பிணம் அங்க கிடந்திருக்கும் சேர், எனக்குத் தெரிஞ்சிராது! மெல்ரொன் சொன்னதுதான் உண்மை. கொலை செய்தது இவர்!"

சொல்லிவிட்டாள். இனி வேலையும் இல்லை, பேரும் இல்லை. ஆனால் அழுகைதான் வந்தது, வருத்தம் வரவில்லை.

பிரதீபன் சிரித்தான்.

"சேர், இந்த மனுசி வந்து அழுததில மனம் இளகிக் கதை அளக்கிறா. மணக்காதாம்! நாட்டிலயே முதல்தர மூக்கு. இருங்கோ, காட்டிறன்." அலுமாரித் தட்டிலிருந்து ஒரு போத்தலை எடுத்து மூடியைத் திருகி, அவள் முகத்துக்கு நேரே பிடித்தான். "அமோனியா!"

யதுர்ஷிகாவுக்கு இருமல் பீறிட்டது. கண்ணில் நீர் ஓடியது.

"பார்த்தீங்களோ சேர்? மணக்காத ஆளுக்குக் கண்ணீர் வருமோ?"

நிரோஜனின் முகம் இறுகியது. யூலிற்றாவைத் திரும்பிப் பார்த்தார்.  நம்பமாட்டார்! மெல்ரொன் உள்ளே கிடப்பான்... இவன் வெளியே திரிவான்... ஏதோ ஒருநாள் ஒரு குமிழ்...

"அது மணமில்லை சேர், எரிவு! மணத்துக்கு ஒரு நரம்பு, எரிவுக்கு வேற நரம்பு. மூக்கடைச்ச தடிமன்காரன் வெங்காயம் உரிச்சாலும் கண்ணீர் வரும்தானே! அவருக்கு அது தெரியும். தெரிஞ்சுதான் அதை எடுத்தவர்!"

"அப்ப எப்பிடி நிரூபிக்கிறது?"

 யூலிற்றாவைப் பார்த்தாள். சொல்லத் தயங்கினாள்.

"மத்தேயு அண்ணையின்ர உடுப்பு... ஜீப்பில இருக்குதோ?"

கான்ஸ்டபிள் பெட்டியைக் கொண்டுவந்தார். நிரோஜன் கைக்குட்டையால் மூக்கைக் கட்டிக்கொண்டு உள்ளேயிருந்த பொலித்தீன் பையைப் பிரித்தார்.

கான்ஸ்டபிள் வெளியே ஓடினார். வேலியோரம் அவர் ஓங்காளிக்கும் சத்தம் உள்ளே வரை கேட்டது.

பிரதீபன் மாஸ்க்கைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்தான்.

யூலிற்றா "என்ர மாதாவே!" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

யதுர்ஷிகா பைக்குள் குனிந்தாள். மூக்கு துணியில் முட்டியது. நீளமாக மூச்சை இழுத்தாள். விட்டாள். மறுபடி இழுத்தாள். முகத்தில் ஒரு தசை அசையவில்லை. கண்ணீர் மட்டும் வந்தது. அது மணத்துக்கு வந்த கண்ணீர் இல்லை.

நிரோஜன் பையை இறுக்கிக் கட்டினார். கைக்குட்டையை அவிழ்த்தார். மெதுவாகத் திரும்பினார்.

"மிஸ்டர் பிரதீபன், செவ்வாய் மத்தியானம் ஏன் நீங்கள் வீட்டுக்குள்ள போகேல்லை?"

"கடல்... கடல்காத்து..."

"அந்த வெயிலிலயோ? ஞாயிறு தனியப் போனதெண்டு நீங்கள்தான் சொன்னனீங்கள். என்ர மணிக்கூடு பழுது எண்டா, ஞாயிறுக் கணக்கைத் திரும்பப் பார்க்கோணுமே!"

பிரதீபன் கதவுக்குப் பாய்ந்தான். வாசலில் ஓங்காளித்து முடித்துத் திரும்பிய கான்ஸ்டபிளின் நெஞ்சில் முட்டி விழுந்தான். விலங்கு விழுந்தது.

கம்பனி வான் வண்டியைச் சோதித்தபோது, பின் சீற்றுக்கு அடியில், சாக்கில் சுற்றி, தேங்காய் அளவில் ஒரு சாம்பல் நிறக் கட்டி இருந்தது. மேசையில் கொண்டுவந்து வைத்தார்கள். யூலிற்றா அதைப் பார்த்தபடி நின்றாள். இதற்காகத்தான் அவள் புருஷன் போனான்.

"அம்பர்!" என்றார் நிரோஜன். "அசலோ மிஸ்?"

"அதுக்கு மூக்கு வேண்டாம் சேர். மெஷினும் வேண்டாம். செண்டுக்காரர் அந்தக் காலத்திலயிருந்து செய்யிற வேலை இருக்கு."

ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தி ஊசி ஒன்றைச் சூடாக்கினாள்.

"அசலெண்டா கறுப்பாப் பொங்கி, தார் மாதிரி நூல் இழுக்கும்."

குத்தினாள்.

நூல் இழுக்கவில்லை. கறுக்கவுமில்லை. ஊசி வழுக்கிக்கொண்டு இறங்கியது. தெளிந்த சொட்டு ஒன்று வழிந்து மேசையில் விழுந்து வெள்ளையாக உறைந்தது.

"இது கப்பல்காரர் தாங்கி கழுவி ஊத்திற மெழுகு சேர். கரையில சும்மா ஒதுங்கும்."

பிரதீபன் விலங்கோடு மேசைப் பக்கம் பாய்ந்தான்.

"பொய்! நான் மணந்து பார்த்தனான்! கடல் மணம்... மீன் மணம்..."

"மீன்காரன் வீட்டில வைச்ச மெழுகு வேற எப்பிடி மணக்கும்?" என்றாள் யதுர்ஷிகா. "உண்மையான மூக்குக்காரி ஒருத்தியிட்டக் காட்டியிருக்கலாம். நீங்கள் மூக்கில்லாதவளைத் தேடியெல்லோ பிடிச்சனீங்கள்!"

யூலிற்றா அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்று பின்னேரமே மெல்ரொனை விட்டுவிடுவதாக நிரோஜன் வாக்குக் கொடுத்தார்.

பிரதீபனை ஜீப்பில் ஏற்றினார்கள். யதுர்ஷிகா தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். நாளைக்கு இந்த ஆலைக்குள் அவளுக்கு இடமில்லை.

நிரோஜன் போகப் புறப்பட்டவர், நின்றார். தலையைச் சொறிந்தார்.

"மிஸ், வேலை போச்செண்டு கவலைப்படாதேங்கோ. எங்கட ஆஸ்பத்திரிப் பிரேத அறைக்கு ஆள் தேடிக் களைச்சுப் போனம். வாற ஆள் ஒருத்தரும் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் நிக்கினமில்லை... நீங்கள் எப்ப வாறீங்கள்?"